மஞ்சள் பெடல் இடப்பக்கம்

ஓய்வு பெறும் நர்ஸ்களிடம் கட்டுரை வாங்கி வருஷா வருஷம் மலர் போடுவது எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கம். முன்னால் வந்த மலர்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாரும் சேவை செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் மேலே இருந்தவர்கள் தங்கமானவர்கள். ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்றால், அவர் வேலை செய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

எனக்கு ஊர் ஆலங்குடிப் பக்கம். திருச்சியில் மூன்று வருஷம் நர்ஸிங் படித்தேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் சாம்பார் கேவலமாக இருக்கும், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் சிறுநீரக அறுவைத் தியேட்டரில் போட்டார்கள். அங்கேயே கிடந்துவிட்டேன்.

அந்தத் தியேட்டரில் முக்கால்வாசி ஆபரேஷன் வயிற்றைக் கிழித்துச் செய்வதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே ஒரு குழாயை விட்டு, கேமரா காட்டுவதை டிவியில் பார்த்துச் செய்வது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் அடைத்துக்கொள்ளும். குழாயின் நுனியில் ஒரு சின்னக் கம்பி வளையம் இருக்கும். அதில் கரண்ட் பாய்ச்சி வீக்கத்தைச் சீவிச் சீவி எடுப்பார்கள். வளையத்தைப் பிடித்திருப்பது கை. கரண்டைக் கொடுப்பது கால். தரையில் இரண்டு பெடல் இருக்கும். இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் நீலம். மஞ்சளை மிதித்தால் வளையம் வெட்டும். நீலத்தை மிதித்தால் ரத்தம் வரும் இடத்தைச் சுட்டு அடைக்கும். வெட்டுவதற்கு ஒரு சத்தம், சுடுவதற்கு வேறு சத்தம். இது மட்டும் மனதில் இருந்தால் போதும், மீதி தானாகப் புரியும்.

எங்கள் சீஃப் சொக்கலிங்கம் சார். ஒல்லி ஆள். பேச மாட்டார். கையை நீட்டுவார். வைக்க வேண்டியதை நான் வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் திட்ட மாட்டார். அதை என் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு மறுபடி நீட்டுவார். அதற்குத் திட்டியிருக்கலாம். எது கெட்டுப்போனாலும் "நல்லது" என்பார். கேமரா மங்கினால் நல்லது. கரண்ட் போனால் நல்லது. அந்த ஒரு சொல்லை வைத்து எவ்வளவு கெட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அவர் போடாத சத்தத்தையும் சேர்த்து நானே போட்டேன். தியேட்டரில் என் பெயர் சகாயம் சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் மைக் செட். தெரியும்.

சாரிடம் ஒரு பழக்கம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் வலது கால் செருப்பைக் கழற்றித் தள்ளிவிடுவார். வெறும் காலோடு பெடலைத் தேடுவார். குனிந்து பார்க்கவே மாட்டார். தியேட்டரில் வெறும் கால் விதிப்படி தப்பு. நான் பல தடவை சொன்னேன்.

"செருப்புக்கு மஞ்ச நீலம் தெரியாது சிஸ்டர்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. நான் அந்தக் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுவேன்.

என்னிடமும் ஒரு பழக்கம். தரையில் ஒயர் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கக் கூடாது. தியேட்டரில் தரை எப்போதும் ஈரம். ட்ரேயோடு வருகிறவள் தடுக்கி விழுந்தால் மேஜையில் கிடக்கிற ஆளுக்கு ஆபத்து. அதனால் எந்த ஒயரும் நேராகப் போக வேண்டும், பக்கத்து ஒயரைத் தாண்டக் கூடாது. இதற்காக நான் வையாத ஆள் கிடையாது. டாக்டர்களையும் வைதிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது சிமுலேட்டர் வந்தது. புதிய டாக்டர்கள் நேராக மனுஷன் மேல் கற்றுக்கொள்ளாமல் முதலில் மிஷினில் கற்றுக்கொள்ள. ஒரு பெட்டி, அதில் இடுப்பு மாதிரி ஒரு ரப்பர், உள்ளே விடும் குழாய், ஒரு திரை, இரண்டு பெடல். நிஜத் தியேட்டரில் இரண்டு பெடலும் ஒரே கட்டையில் சேர்ந்து இருக்கும். இதில் தனித்தனி. ஆளுக்கொரு ஒயர். கம்பெனியிலிருந்து வந்தவர் மாட்டிக் காட்டிவிட்டுப் போனார். அந்த அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். காலையில் ஏழிலிருந்து எட்டரை வரை மிஷின் அறை, அப்புறம் தியேட்டர்.

மிஷின் நல்ல மிஷினா என்று முதலில் சோதிக்க வேண்டுமாம். அதற்கு வாலிடேஷன் என்று பெயர். விஷயம் ரொம்ப எளிது. அனுபவம் உள்ளவர்களையும் புதியவர்களையும் அதே வேலையை மிஷினில் செய்யச் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்குக் கூடுதல் மார்க்கும் புதியவர்களுக்குக் குறைவும் வந்தால் மிஷினுக்கு ஆள் தெரிகிறது, அதை நம்பலாம். மேல்படிப்புக்கு வந்திருந்த கார்த்திகா டாக்டர் இதையே தன் ஆய்வாக எடுத்திருந்தார். கெட்டிக்காரப் பெண். படிவம் அடித்து, நேரம் குறித்து, எல்லாம் சுத்தமாகச் செய்தார்.

சொக்கலிங்கம் சார் நிர்வாகத்திடம் ஒன்று எழுதிக் கொடுத்தார். மிஷின் தேறிவிட்டால், இனி அதில் பாஸ் ஆகாத எவருக்கும் கேஸ் கொடுக்கக் கூடாது. சீஃப் உட்பட. அவரே கேட்டு வாங்கிய சட்டம் அது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சோதனை நாளில் அனுபவம் உள்ளவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வெளியூர். புதியவர்கள் ஐந்து பேர். அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் விட்டோம். வெளியூர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்து மிதித்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"என்ன சிஸ்டர், நீலம் இடப்பக்கம் இருக்கு?"

"கம்பெனிக்காரன் வச்சது அப்படித்தான் சார். பாத்து மிதிங்க" என்றேன்.

இந்தப் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது. புதியவர்கள் மேலே, அனுபவம் உள்ளவர்கள் கீழே. கடைசி சொக்கலிங்கம் சார். காகிதத்தில் "பிழை மிதி" என்று ஒரு கட்டமே இருந்தது. பெடலைத் தப்பாக மிதித்தால் மிஷின் அதை எண்ணும். பெரியவர்கள் எல்லாருக்கும் அந்தக் கட்டத்தில் நிறைய. சாருக்கு எல்லாரையும் விட நிறைய.

வெளியூர் டாக்டருக்கும் மார்க் மோசம்தான். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சார், மிஷினே ஒங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் அடிச்சுக் குடுத்துருச்சு."

"நல்லது" என்றார் சார்.

மிஷின் தப்பா, ஆட்கள் தப்பா என்று கார்த்திகா டாக்டருக்குக் குழப்பம். இன்னொரு சுற்று வைத்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். சார் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மிஷின் அறையில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். தினமும் வந்தார். ஒரு மாதத்துக்கு மேல். மிஷினில் நீலம் இடப்பக்கம் என்றால் நாம்தான் மாற வேண்டும் என்பது அவர் எண்ணம். எதையும் குறை சொல்லாத மனுஷன் செய்கிற வேலை இதுதான். குறை சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

பிழை மிதி குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பூஜ்யம் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவருடைய வழக்கத்துக்கு அது பெரிய கொண்டாட்டம்.

அந்த வாரம்தான் மாரிமுத்து ஐயா கேஸ். கீரமங்கலம் பக்கம் பூ விவசாயம். மல்லியும் செண்டும் போட்டிருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்திருந்தது. ஆள் முழிப்பாக இருந்தார். வாய் ஓயவில்லை.

"ஏன் ஆத்தா, அந்த டிவியில எம் படமா ஓடுது?"

"ஆமாய்யா. நீங்கதான் ஹீரோ. ஆடாம கெடங்க."

"ஹீரோன்னா பாட்டு எங்கிட்டு?"

"இப்ப வரும்" என்றேன். கரண்ட் பெட்டி வெட்டுகிற சத்தம் போட்டது. அவர் சிரித்தார்.

பாதிக்கு மேல் முடிந்தது. ஒரு ரத்தக் குழாய் திறந்துகொண்டது. திரை சிவந்தது. இது சாதாரணம். வளையத்தை அந்த இடத்தில் அழுத்தி நீலத்தை மிதித்தால் ஒரு நொடியில் அடைந்துவிடும். சார் வளையத்தை அழுத்தினார். நான் சுடுகிற சத்தத்துக்குக் காதை வைத்திருந்தேன். வந்தது வெட்டுகிற சத்தம்.

திரும்பிக் காலைப் பார்த்தேன். வெறும் கால் மஞ்சளின் மேல் இருந்தது. உடனே எடுத்துவிட்டார். ஆனால் அழுத்திய வளையம் அதற்குள் சுரப்பியின் உறையைத் தாண்டிவிட்டது. திரையில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. அங்கே அது தெரியக் கூடாது.

"நல்லது" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

மாரிமுத்து ஐயாவின் பேச்சு நின்றது. "ஆத்தா, அடிவயிறு முட்டுது" என்றார். உள்ளே ஓடுகிற தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே கசிகிறது. சார் ரத்தத்தை அடைத்தார், அதோடு நிறுத்தினார், பெரிய டியூப் போட்டார். அடிவயிற்றில் சின்னதாகக் கீறித் தேங்கிய தண்ணீர் வடிய இன்னொரு குழாய் வைத்தார். எல்லாம் முறைப்படி. நாலு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் பத்து நாளுக்கு மேல் படுக்க வேண்டும். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வளையம் இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வயதாகிவிட்டது, மிஷின் சரியாகத்தான் சொன்னது, இந்த ஆள் அப்போதே விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். டிரஸ்ஸிங் ரூமில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சார் மிஷின் அறைக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு கவர்.

"ஆபீஸ் பத்து மணிக்குத்தானே தொறப்பாங்க?"

"ஆமா சார். என்ன கவர்?"

"இனிமே கேஸ் எடுக்கலன்னு எழுதியிருக்கேன்."

எனக்கு அது சரி என்றுதான் பட்டது.

உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். "என்ன தப்புன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்றார். மிஷினைப் போட்டார். திரையில் ரத்தம் வந்தது. இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். கால் இடப்பக்கம் போனது. நீலத்தை மிதித்தது. மிஷினில் அது சரி. நேற்று மாரிமுத்து ஐயாவுக்கு அந்தக் கால் போனதும் அதே இடப்பக்கம். அங்கே இடப்பக்கம் இருந்தது மஞ்சள்.

கால் தப்பு செய்யவில்லை. படித்ததைச் செய்திருக்கிறது.

குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். இரண்டு ஒயரும் நேராக, ஒன்றை ஒன்று தொடாமல், கோடு போட்ட மாதிரி போயின. அவ்வளவு அழகாக எந்தக் கம்பெனிக்காரனும் போட மாட்டான். அது என் கை.

மிஷின் வந்த அன்று கம்பெனிக்காரர் போனதும் நான் குனிந்து பார்த்தேன். பின்னால் ஒயரைச் சொருகுகிற ஓட்டைகள் இடம் வலம் மாறி இருந்ததால் இரண்டு ஒயரும் குறுக்கே விழுந்து கிடந்தன. பெடல்களை இடம் மாற்றி வைத்தேன். ஒயர் நேரானது. திருப்தியாக எழுந்து கையைத் துடைத்தேன். ஒயரை நேராக்கினேன் என்றுதான் என் புத்தியில் இருந்தது. பெடலை மாற்றினேன் என்று பதியவே இல்லை. அதனால்தான் வெளியூர் டாக்டர் கேட்டபோது கம்பெனிக்காரன் மேல் போட்டேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினேன். அது பொய்யை விட மோசம்.

யாருக்கும் தெரியாது. அவர் எழுந்து போனதும் இரண்டு பெடலையும் மாற்றி வைத்தால் போதும். கவர் பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போகும். கதை முடிந்தது. அப்படி நினைக்கவே இல்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையும் பழைய மலரில் வந்த மாதிரி ஆகிவிடும். ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"சார், காலை எடுங்க."

"என்ன?"

"பெடல நான் மாத்தி வச்சிருக்கேன். ஒயர் குறுக்க கெடந்துச்சு. நேராக்குனேன்."

அவர் திரையை அணைத்தார். "எப்ப?"

"மிஷின் வந்த அன்னைக்கே."

"டெஸ்ட்டுக்கு முந்தி."

"ஆமா சார்."

"நல்லது" என்றார். இது எந்த நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. செருப்பைப் போட்டார். "வாங்க, வார்டுக்குப் போவோம்."

மாரிமுத்து ஐயா டியூப்போடு ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஐயா, நேத்து ரத்தத்த அடைக்கிறப்ப என் கால் தப்பா மிதிச்சிருச்சு. உள்ள ஒரு ஓட்ட விழுந்துருச்சு. அதனாலதான் இந்தக் கூடுதல் நாளும் இந்தக் குழாயும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். மிஷின், பெடல், ஒயர் எல்லாம். அந்த அம்மா, "நல்லா இருப்பீங்களா நீங்கள்லாம்?" என்று ஆரம்பித்தார். மாரிமுத்து ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தோட்டத்துல மோட்டார் சுச்ச ஒருத்தன் மாத்தி வச்சா அவன வைவேன். இப்ப நான் யார வைய?"

"என்னைய வைங்கய்யா."

"வஞ்சா ஓட்ட அடையுமா?" என்று டியூப்பைத் தொட்டுக் காட்டினார். "சரி, அந்த மிதியத் திருப்பி மாத்தியாச்சா?"

நான் வாயைத் திறந்தேன். மாற்றவில்லை. பார்த்த இடத்தில் போட்டுவிட்டு அப்படியே மேலே வந்திருக்கிறோம், இரண்டு பேரும்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப இங்கிட்டு நின்னு என்ன பண்றீங்க? போங்க ஆத்தா!"

மாடிப்படியில் ஓடினேன். அறையில் கார்த்திகா டாக்டர் முதல் வருஷக்காரர் ஒருவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "நீலம் இடப்பக்கம், ஞாபகம் வச்சுக்க." நான் போட்ட சத்தத்தில் அந்த முதல் வருஷக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் கார்த்திகா டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்தையும் தூக்கிப் போடணும் சிஸ்டர். ஒரு எண்கூட ஒதவாது. ஒயர நேராக்கச் சொல்லி ஒங்ககிட்ட யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. பிழை மிதின்னு கட்டம் போட்டு எண்ணுனீங்களே, பெரியவங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு வருதுன்னு நீங்க ஏன் குனிஞ்சு பாக்கல?"

இரண்டும் நியாயமான கேள்வி. ஒரு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் படிவத்தில் முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தார்: தொடங்கும் முன் பெடல்களின் இடம் தியேட்டரில் உள்ளபடியே இருக்கிறதா, பார்த்தவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். போட்டேன். ஒவ்வொரு தடவையும் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

இரண்டாவது சுற்று நடந்தது. அனுபவம் உள்ளவர்கள் மேலே வந்தார்கள், புதியவர்கள் கீழே. மிஷின் தேறியது. பட்டியலில் சொக்கலிங்கம் சார் பெயர் இல்லை. கார்த்திகா டாக்டர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

"ஒரு மாசமா இந்த மிஷின்லயே பழகுன கால் இது. தப்பா வேற பழகியிருக்கு. என்னைய எக்ஸ்பர்ட் கணக்குல சேக்காத" என்றார்.

ஆக அவர் பெயருக்கு நேராக ஆய்வுக் காகிதத்தில் இருந்த ஒரே மார்க் அந்தப் பழைய கடைசி இடம்தான். அதையும் தூக்கிப் போட்டாயிற்று.

கவரை ஆபீஸில் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மேஜை டிராயரில் போட்டார். அவராகவே மூன்று வாரம் கேஸ் எடுக்கவில்லை. காலையில் மிஷினில் உட்கார்ந்து, மஞ்சள் இடப்பக்கம் நீலம் வலப்பக்கம் என்று காலைத் திருப்பிப் பழக்கினார். முதல் வருஷக்காரர்களைக் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்தார். திரையைப் பார்க்க விடவில்லை. "என் காலப் பாருங்க. தப்பா போனா சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். முதலில் கூச்சப்பட்டுக்கொண்டு, அப்புறம் தாராளமாக.

மிஷினில் பாஸ் ஆன பிறகுதான் அவர் மறுபடி கேஸ் எடுத்தார். அந்த முதல் கேஸில் நான் ட்ரே பக்கம் நிற்கவில்லை. அதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, பெடல் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்தேன். ரத்தம் வந்தது. கால் வலப்பக்கம் போனது. சுடுகிற சத்தம் வந்தது. கெட்டுப்போனால்தான் அவர் ஏதாவது சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

மாரிமுத்து ஐயா பன்னிரண்டாம் நாள் போனார். மூத்திரம் தடையில்லாமல் வந்தது. போகும்போது, "மிதி?" என்று மட்டும் கேட்டார். "மாத்தியாச்சு" என்றேன்.

போன மாதம் விராலிமலைப் பக்கம் ஒரு புதிய ஆஸ்பத்திரியில் இதே மாதிரி மிஷின் வாங்கியிருக்கிறோம், திறந்து வைக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். கார்த்திகா டாக்டர் இப்போது அங்கே இருக்கிறார். சால்வை போட்டார்கள். ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். நான் முதலில் மேஜைக்கு அடியில் குனிந்தேன். மஞ்சள் இடப்பக்கம், நீலம் வலப்பக்கம். இரண்டு ஒயரும் குறுக்கே ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அசிங்கமாகக் கிடந்தன.

பக்கத்தில் நின்ற கம்பெனிக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சாரி மேடம், இப்ப நேராக்கிடுறேன்" என்று அவரும் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன்.

அப்புறம்தான் பார்த்தேன், என் கையும் பாதி தூரம் போயிருந்தது.